‘பார்க்கிங் மோடு’: தமிழில் தரிப்புப் பதிவு

காரின் முன்கண்ணாடியில் பொருத்தி வழியைப் பதியும் கேமராதான் டேஷ்கேம். காரை அணைத்துப் பூட்டிய பிறகும் அது விழித்திருந்து படம்பிடிக்கும் ஏற்பாட்டுக்குப் பெயர் பார்க்கிங் மோடு. சில கேமராக்கள் யாராவது வண்டியில் இடித்தால்தான் எழும். சில முன்னால் அசைவு தெரிந்தாலே எழும். சில நொடிக்கு ஒரு படம் வீதம் விடாமல் எடுத்துக் கோத்துவைக்கும்.

‘பார்க்’ பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல். வேலியடைத்த நிலம், குறிப்பாக வேட்டை விலங்குகளை விட்டுவைத்த காடு என்று பொருள். படைமுகாமில் பீரங்கிகளையும் வண்டிகளையும் வரிசையாக நிறுத்திய இடமும் பிறகு பார்க் ஆனது. கார் நிறுத்துவதைக் குறிக்கும் வினை அந்தப் படைவழக்கிலிருந்து வந்ததுதான். டேஷ்கேமின் ‘டேஷ்’ டேஷ்போர்டின் சுருக்கம். அதுவோ குதிரைவண்டிச் சொல்: குளம்பு வாரியடிக்கும் சேறு ஓட்டுபவர் மேல் படாமல் மறைத்த பலகை.

தமிழ்நாட்டில் ‘வாகன நிறுத்துமிடம்’ என்று எழுதுகிறோம். இலங்கையில் ‘வாகனத் தரிப்பிடம்’. இங்கே இலங்கை வழக்குதான் கைகொடுக்கிறது. ‘நிறுத்தப் பதிவு’ என்றால் பதிவை நிறுத்துவதா, வண்டி நிற்கும்போது பதிவதா என்று குழம்பும். ‘தரி’ என்றால் ஓரிடத்தில் தங்கி நிற்பது. ஆகவே ‘தரிப்புப் பதிவு’. டேஷ்கேமை ‘முகப்புப் படக்கருவி’ என்று எழுதலாம், ஆனால் கடையில் அப்படிக் கேட்டால் யாருக்கும் புரியாது. அது டேஷ்கேமாகவே இருக்கட்டும்.

பெரும்பாலான கார்களில் சாவியை அணைத்ததும் டேஷ்கேமைச் செருகும் சிகரெட் லைட்டர் சாக்கெட்டும் அணைந்துவிடும். அதனால் தரிப்புப் பதிவுக்கு, காரின் ஃபியூஸ் பெட்டியிலிருந்து நேரே கேமராவுக்குக் கரன்ட் கொடுக்கும் ஹார்ட்வயர் கிட் வேண்டும். அதில் மூன்று வயர். ஒன்று எப்போதும் கரன்ட் இருக்கும் ஃபியூஸுக்கு, பெரும்பாலும் மஞ்சள். இன்னொன்று சாவி போட்டால் மட்டும் உயிர்வரும் ஏசிசி ஃபியூஸுக்கு, பெரும்பாலும் சிவப்பு. கறுப்பு எர்த், பெயின்ட் இல்லாத உலோகத்தில் இறங்கும் போல்ட்டில் இறுக்க வேண்டும். நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால் வயரில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்து, மல்ட்டிமீட்டர் வைத்துப் பார்த்த பிறகே செருகுங்கள். வயரை ஃபியூஸ் பெட்டியில் செருக உதவும் ஃபியூஸ் டேப் உங்கள் காரின் ஃபியூஸ் வகைக்குப் பொருந்த வேண்டும்; மினியும் லோ புரொஃபைல் மினியும் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் வேறு. ஏர்பேக், ஏபிஎஸ், எஞ்சின் ஃபியூஸ்கள் பக்கம் போகவே வேண்டாம்.

அடிக்கடி நடக்கும் கோளாறு இரண்டு. ஏசிசி வயரையும் எப்போதும் கரன்ட் இருக்கும் ஃபியூஸில் கொடுத்துவிட்டால், வண்டி ஓடுவதாகவே கேமரா எடுத்துக்கொள்ளும். தரிப்புப் பதிவுக்கு மாறாமல் இரவு முழுக்க வழக்கம்போல் பதிந்துகொண்டிருக்கும். இரண்டு வயரும் இடம் மாறினால் சாவியை எடுத்ததும் கேமரா செத்துவிடும்.

நிறைந்து ஓய்ந்திருக்கும் 12 வோல்ட் பேட்டரி சுமார் 12.6 காட்டும், 12.2 என்றால் ஏறத்தாழ பாதி காலி. பேட்டரி எந்த வோல்ட்டுக்கு இறங்கினால் கேமராவை அணைக்க வேண்டும் என்று கிட்டில் வைப்பதுதான் கட்-ஆஃப். அதை 11.8-இல் வைப்பவர்கள்தான் காலையில் வண்டியைத் தள்ளுகிறார்கள். பேட்டரி பழசு என்றால் 12.2-க்குக் கீழே வைக்காதீர்கள். 4 வாட் கேமரா ஏறத்தாழ மூன்றில் ஒரு ஆம்பியர் இழுக்கும். சிறிய காரின் 35 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதியை விட்டுக்கொடுத்தால் காகிதக் கணக்குக்கு 50 மணி நேரம் வரும். காரின் மற்ற கருவிகளும் கொஞ்சம் குடிக்கும், தினமும் பத்து நிமிடம் மட்டும் ஓட்டினால் குடித்தது திரும்ப ஏறாது என்பதால் நிஜத்தில் அவ்வளவு கிடைக்காது.

இவ்வளவும் செய்துவிட்டு வண்டியின் மூக்கை உள்ளே விட்டு நிறுத்தினால், முன்பக்கம் மட்டும் பார்க்கும் கேமரா இரவெல்லாம் சுவரைப் படம்பிடிக்கும். ரிவர்ஸில் ஏற்றினால் வழியும், வந்துபோகும் வண்டிகளின் நம்பர் பிளேட்டும் அதன் கண்ணில் படும். வண்டி நிறுத்தக் கோடு போட்ட கட்டத்தைத் தாண்டி முன்னே போய், மூக்கைக் கட்டத்துக்கு எதிர்ப்புறம் சற்றுச் சாய்த்து நிறுத்துங்கள். பிறகு ஸ்டீயரிங்கைக் கட்டத்தின் பக்கம் முழுக்க ஒடித்து மெதுவாகப் பின்னே வாருங்கள். இரண்டு பக்கக் கண்ணாடியிலும் கோடு சம அளவில் தெரியும்போது நேராக்குங்கள். ஒடிக்கும்போது முன் மூலை எதிர்ப்புறம் வீசும். பின்னாலேயே பார்த்துக்கொண்டு வருபவர்கள் எதிர் வண்டியில் உரசுவது அதனால்தான்.

வெயிலில் நிற்கும் வண்டி என்றால் உள்ளே லித்தியம் பேட்டரி உள்ள கேமரா வேண்டாம், சூட்டில் வீங்கும். பேட்டரிக்குப் பதில் கொஞ்சம் கரன்ட்டைச் சேர்த்துவைக்கும் சூப்பர் கெப்பாசிட்டர் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.