காலண்டர் தாளில் காணாமல் போன புள்ளிகள்

தண்டையார்பேட்டையில் மாலை கிளினிக் வைத்திருக்கும் நரம்பு மருத்துவர் நான். ஒரு ராத்திரி, கடையடைக்கும் நேரத்தில், காசிமேட்டிலிருந்து ஓர் அண்ணன் தன் தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்தான், கையில் நாலைந்து தினசரி காலண்டர் தாள்கள். தம்பிக்கு 17 வயது. ரத்தப் புற்றுநோய் திரும்பி வந்து, பிளினாடுமோமாப் ஏறிக்கொண்டிருந்தது. 28 நாள் இடைவிடாமல் ஏறும் மருந்து அது, ஆரம்ப நாட்களை ஆஸ்பத்திரியில் கழித்துவிட்டு, பம்பைத் தோள்பையில் மாட்டிக்கொண்டு வீட்டிலேயே இருக்கலாம். தினமும் ஒரே வரியை எழுதச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். பையன் காலண்டர் தாளின் பின்னால் "இன்னைக்கு நெத்திலி மலிவு" என்று எழுதி வந்திருக்கிறான்.

முதல் மூன்று தாளும் அச்சுப் போல. கடைசித் தாளில் புள்ளிகளைக் காணோம், கொம்பு தனியே கிடக்கிறது, வரி கீழே சரிகிறது. அம்மா தூக்கக் கலக்கம் என்று விட்டுவிட்டார். பையனோ "ஒன்னுமில்ல சார்" என்றான், அதையும் வார்த்தை தேடித் தேடி.

இந்த மருந்து நம் டி செல்லை (நோயை எதிர்க்கும் ஒரு வகை வெள்ளணு) ஒரு பக்கமும் புற்றுச் செல்லை மறுபக்கமும் பிடித்துக் கோத்துவிடும். டி செல் சண்டையிடும்போது கிளம்பும் அழற்சி சிலருக்கு மூளையையும் தொட்டுவிடும். நடுக்கம், குழப்பம், பேச்சுத் தடுமாற்றம், முற்றினால் வலிப்பு. பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள். நோயாளியின் டி செல்லையே எடுத்து, மாற்றியமைத்துத் திரும்ப ஏற்றும் கார்-டி சிகிச்சையிலும் (2023இல் நம் நாட்டிலேயே உருவான ஒன்றுக்கு அனுமதி கிடைத்தது) இதே சிக்கல் உண்டு. அங்கே 10 மார்க் சோதனை வைப்பார்கள்: வருஷம், மாதம், ஊர் சொல்ல வேண்டும், நூறிலிருந்து பத்துப் பத்தாகக் குறைத்து எண்ண வேண்டும். அதிலும் ஒரு மார்க் எழுதுவதற்குத்தான்.

சரி, அன்று நான் செய்தது பெரிதாக ஒன்றுமில்லை. சிகிச்சை தந்த மருத்துவரைப் போனில் பிடித்து, உடனே அங்கே அனுப்பினேன். பம்பை வீட்டில் யாரும் நிறுத்தவோ, அந்தக் குழாயில் வேறெதையும் ஏற்றவோ கூடாது; ஏற்றினால் குழாயில் நிற்கும் மருந்து மொத்தமாக உள்ளே போய்விடும். அங்கே மருந்தை நிறுத்தி டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்தார்கள், தெளிந்த பிறகு குறைந்த அளவில் மறுபடி தொடங்கினார்கள்.

நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் போன்ற புற்றுநோய் மருந்துகள் வேறு ரகம், டி செல்லின் பிரேக்கைத் தளர்த்திவிடுபவை. சிலருக்கு வாரங்கள், மாதங்கள் கழித்தும் இமை தொங்கும், இரட்டையாகத் தெரியும், சோறு விழுங்கச் சிரமப்படும், கால் வலுவிழக்கும். மூச்சுத் தசையைப் பிடித்தால் ஆபத்து. அப்படி வந்தால் பி காம்ப்ளெக்ஸ் ஊசி போட்டுக்கொண்டு காத்திருக்காதீர்கள், எந்த மருந்து ஏறியது என்ற சீட்டோடு அன்றைக்கே கிளம்புங்கள்.

பையன் அடுத்த முறை வந்தபோது புதுத் தாள் ஒன்றை நீட்டினான். புள்ளி எல்லாம் இருந்தது. நெத்திலி மட்டும் விலை ஏறியிருந்தது.