ஒயில் அழுத்தம் திடீரென விழும்போது

வெள்ளவத்தையில் காலி வீதி நெரிசலுக்குள் நிற்கும் ஒரு பழைய மொறிஸ் மைனர் காரில், ஒயில் அழுத்தம் குறைந்ததை எச்சரிக்கும், நேற்றுவரை எரியாத விளக்கு திடீரென எரிந்தால், உரிமையாளரின் மனம் உடனே எஞ்சினைப் பிரித்து, உள்ளே சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்குகளை மாற்றும் செலவை நோக்கி ஓடுகிறது. பெரும்பாலும் அது அவசரப்பட்ட அச்சம். பேரிங் தேய்மானம் பல்லாயிரம் மைல்களில் மெல்ல மெல்ல நிகழ்வது. ஒரே நாளில் விழுந்த அழுத்தத்திற்கான காரணத்தை முதலில் வேறு இடங்களில் தேட வேண்டும்.

ஒயில் பம்ப் ஒயிலைத் தள்ளுகிறதே தவிர, அழுத்தத்தைத் தானாக உண்டாக்குவதில்லை. பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டுக்கும் பேரிங்குக்கும் இடையிலுள்ள, ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஓரிரு பங்கே அகலமான இடைவெளிகளுக்குள் ஒயில் நுழையத் திணறுவதாலேயே அழுத்தம் பிறக்கிறது. அந்த இடைவெளி இருமடங்கானால், அதே அழுத்தத்தில் அதன் வழியே வெளியேறும் ஒயில் ஏறத்தாழ எட்டு மடங்காகிறது; அதனால் அழுத்தம் விழுகிறது. சூடேறிய ஒயில் இளகுவதும் இதே விளைவையே தரும். ஆகவே, கொழும்பு வெயிலில் எஞ்சின் நன்கு சூடாகி, வேகம் குறைந்து நிற்கும்போது மட்டும் விளக்கு மினுங்கி, சற்று வேகம் கொடுத்ததும் அணைந்தால் அது பழைய தேய்மானத்தின் அடையாளம். ஓட்டத்திலும் அணையாமல் எரிந்தால் அது வேறு கதை.

அப்போது எஞ்சினை உடனே நிறுத்திவிட வேண்டும். சில நிமிடங்கள் கழித்து அளவுகோலை இழுத்து ஒயில் மட்டத்தைப் பார்க்கலாம். ஒயில் பாலாடைபோல வெளுத்திருந்தால் தண்ணீரும், பெற்றோல் மணம் வீசினால் எரிபொருளும் கலந்திருக்கின்றன. மட்டம் சரியாக இருந்தால், எஞ்சினில் இருந்து விளக்கை இயக்கும் அழுத்தச் சுவிட்சைக் கழற்றி அதே துளையில் ஓர் இயந்திர அழுத்தமானியைப் பொருத்திச் சிறிது நேரம் மட்டும் இயக்கிப் பார்ப்பதே நியாயம், ஏனெனில் பொய் சொல்லும் சுவிட்சுகள் ஏராளம். நல்ல நிலையிலுள்ள இந்த எஞ்சின், ஓட்டத்தில் சதுர அங்குலத்திற்கு ஏறத்தாழ 60 இறாத்தல் காட்ட வேண்டும்.

மானியும் குறைவாகவே காட்டினால், நான் முதலில் சந்தேகிப்பது அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் றிலீவ் வால்வைத்தான். அழுத்தம் மிகும்போது ஒரு ஸ்பிரிங்கை அமுக்கிக்கொண்டு திறந்து, மிகுதி ஒயிலை எஞ்சினின் அடியிலுள்ள ஒயில் தொட்டியான சம்புக்குத் திருப்பி அனுப்புவதே அதன் வேலை. மணல் பருமனுள்ள ஒரு துகள் அதன் இருக்கையில் சிக்கினாலும், ஸ்பிரிங் முறிந்தாலும் வால்வு மூடாது. பேரிங்குகளுக்குப் போகவேண்டிய ஒயில் அந்தக் குறுக்குவழியால் ஓடிவிடும். எஞ்சினைப் பிரிக்காமலே ஒரு நட்டைக் கழற்றி இதைத் துடைத்துப் பார்க்கலாம். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் புதியதைப் போடலாம். இதைச் செய்யாமல் தடித்த ஒயிலை ஊற்றி விளக்கை அணைப்பது வைத்தியமல்ல, வாயை மூடுவது.

வால்வு சுத்தமாக இருந்தால் அடுத்தது சம்ப். ஒழுங்கையின் வேகத்தடையில் அடிபட்டு உள்ளே நெளிந்த சம்ப், ஒயில் உறிஞ்சும் வடிகட்டியை நெருக்கி அடைத்திருக்கலாம். உறிஞ்சு குழாயின் மூட்டுத் தளர்ந்து காற்றை இழுத்தால் மானியின் முள் நடுங்கும். சம்பைக் கழற்றும்போது வடித்த ஒயிலை வெள்ளைத் துணியில் ஊற்றிப் பார்ப்பது நல்லது: அதில் செப்பு நிறத் துகள்கள் மினுங்கினால், அல்லது எஞ்சினின் அடியிலிருந்து கனத்த தட்டொலி ஏற்கெனவே கேட்டிருந்தால், பேரிங்குகளைத் திறந்து கிராங்க் தண்டை மைக்ரோமீற்றரால் அளக்கும் வேளை வந்துவிட்டது.