செங்கல்லுக்குள் ஓர் உண்டியல்

“அகழாய்வில் எடுத்த செங்கல்லை கார்பன் டேட்டிங்குக்கு அனுப்பியிருப்பதாகச் செய்தியில் படித்தேன். செங்கல் என்பது சுட்ட மண்தானே, அதில் கார்பன் ஏது?” என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நியாயமான சந்தேகம்.

கார்பன் முறை ஒரு காலத்தில் உயிரோடு இருந்த பொருளுக்குத்தான். களிமண்ணோடு உமியோ வைக்கோலோ சேர்த்துப் பிசைந்திருந்தாலும் சூளையில் அது எரிந்துபோய், இருந்த இடத்தில் ஒரு சின்னப் பள்ளம்தான் மிஞ்சும். சில கற்களை உடைத்தால் நடுவே கறுப்பாக ஒரு பட்டை தெரியும். காற்று எட்டாமல் அரைகுறையாக வெந்த பகுதி அது. அங்கே கார்பன் உண்டு. ஆனால் அது அறுவடையான வைக்கோலுடையதா, களிமண்ணிலேயே ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கிடந்ததா என்று பிரிப்பது பெரும்பாடு. சுடாத பச்சைக்கல்லில் வைக்கோல் அப்படியே இருக்கும், அதற்கு கார்பன் முறை நன்றாகவே கைகொடுக்கும். மற்றபடி செய்தியில் வரும் வயது பெரும்பாலும் செங்கல்லின் வயது அல்ல, அதே மண்ணடுக்கில் கிடைத்த கரித்துண்டின் வயது.

முழுக் கல்லாக இருந்தால் அளவே பாதி சொல்லிவிடும். சிந்துவெளி நாகரிகம் உச்சத்தில் இருந்த காலத்துக் கற்களின் கனம், அகலம், நீளம் பெரும்பாலும் 1:2:4 என்ற விகிதத்தில் இருக்கும். ரோமானியர்கள் இன்னும் நல்லவர்கள், சில கற்களில் அந்த ஆண்டின் கான்சல்கள் (ஆண்டுதோறும் மாறும் தலைமை ஆட்சியாளர்கள்) பெயரையே முத்திரை குத்தி வைத்தார்கள், கி.பி. 123 முத்திரை போட்ட கற்கள் ஏராளம். துண்டாகக் கிடைத்தால், அதில் உள்ள கனிமங்களை எக்ஸ் கதிரால் அடையாளம் காணும் படிகவியல் இருக்கிறது. கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமம் அப்படியே இருந்தால் சூளை சுமார் 800 டிகிரி செல்சியஸைத் தாண்டவில்லை என்று கொள்ளலாம் (ஈர மண்ணில் கால்சைட் மறுபடி உருவாகிவிடும் என்பதால் கொஞ்சம் எச்சரிக்கை தேவை). களிமண் கடும் சூட்டில் மாறி முல்லைட் என்ற கனிமம் உருவாகியிருந்தால் 1,000 டிகிரியை எட்டியிருக்கும். இதெல்லாம் எப்படிச் சுட்டார்கள் என்று சொல்லும், எப்போது என்று சொல்லாது.

எப்போது என்பதைச் சொல்வது களிமண்ணோடு கலந்திருக்கும் மணல். அதிலும் குவார்ட்ஸ் துகள்.

மண்ணில் எங்கும் கொஞ்சம் யுரேனியம், தோரியம், பொட்டாசியம் 40 இருக்கிறது. அவற்றிலிருந்து வரும் கதிர்கள் குவார்ட்ஸுக்குள் எலக்ட்ரான்களை இடம்பெயர்க்கின்றன. பெரும்பாலானவை உடனே திரும்பிவிடும். சில மட்டும் படிகத்தின் குறைபாடுகளில், எலிப்பொறியில் சிக்கியதுபோல, மாட்டிக்கொள்ளும். மேலோட்டமான பொறியில் விழுந்தது சில மணி நேரத்தில் தப்பித்துவிடும். ஆழமான பொறியில் விழுந்தது சாதாரண வெப்பத்தில் லட்சக்கணக்கான ஆண்டுகளுக்கு அங்கேயே கிடக்கும். வெளியேற்ற நெருப்போ வலுவான ஒளியோ வேண்டும். சூளையில் கல் 500 டிகிரியைத் தாண்டும்போது பொறிகள் அத்தனையும் காலியாகிவிடுகின்றன. கல் ஆறிய நாளிலிருந்து உண்டியலில் முதல் காசு விழத் தொடங்குகிறது.

அந்த உண்டியலை உடைத்து எண்ணுவதுதான் ஆய்வகத்தின் வேலை. மங்கிய சிவப்பு விளக்கில் கல்லின் வெளித்தோலை 2 மில்லிமீட்டர் அளவுக்குச் செதுக்கி எறிந்துவிடுவார்கள். உள்ளே இருப்பது வெயிலே படாதது. அதைப் பொடித்து, சலித்து, 90 முதல் 150 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரையிலான துகள்களை எடுத்து, ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்தில் கழுவி, சின்ன உலோகத் தட்டில் பரப்பிச் சூடாக்குவார்கள். 300 டிகிரியைத் தாண்டும்போது துகள்கள் ஒளிர்கின்றன! மாட்டிக்கிடந்த எலக்ட்ரான்கள் விடுபட்டு, சேர்த்துவைத்த ஆற்றலை ஒளியாகக் கொட்டும் நேரம் அது. கண்ணுக்கு எட்டாத அளவு மங்கல்தான், ஒளிப்பெருக்கிக் குழாய் எண்ணிக்கொள்ளும். அதே தட்டை ஆறவைத்து மறுபடி சூடாக்கினால் அந்த ஒளி வராது. இரண்டு வரைகோடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் சுகம் எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

வெப்ப ஒளிர்வு எனப்படும் இதைக் காலக்கணிப்புக்குப் பயன்படுத்தலாம் என்று 1953இல் சொன்னவர் அமெரிக்க வேதியியலாளர் ஃபாரிங்டன் டேனியல்ஸ். ஆக்ஸ்ஃபோர்டில் மார்ட்டின் ஐட்கின் அதை உருப்படியான முறையாக வளர்த்தெடுத்தார். 1985 முதல் வெப்பத்துக்குப் பதில் ஒளியைப் பாய்ச்சியே எலக்ட்ரான்களை விடுவிக்கும் வழியும் வந்துவிட்டது.

அப்புறம் கணக்கு எளிது. அறிந்த அளவு கதிர்வீச்சைத் துகளுக்குக் கொடுத்து எவ்வளவு ஒளிர்கிறது என்று ஒப்பிட்டால் மொத்தச் சேமிப்பு தெரியும். அது 6 கிரே (உள்வாங்கிய கதிர்வீச்சின் அலகு), ஆண்டுக்கு விழுவது 3 மில்லிகிரே என்றால் வயது 2,000 ஆண்டுகள்.

சிக்கல் அந்த வகுக்கும் எண்ணில், அதாவது ஆண்டுக்கு விழும் அளவில்தான். கதிர்களில் மூன்று வகை. ஆல்ஃபா சில பத்து மைக்ரான்களோடு நின்றுவிடும், பீட்டா சில மில்லிமீட்டர் போகும். காமாவோ சுமார் 30 சென்டிமீட்டர் தூரத்து மண்ணிலிருந்தும் வந்து சேரும். அந்த மண் ஈரமாக இருந்திருந்தால் தண்ணீர் கொஞ்சம் கதிரை விழுங்கியிருக்கும். உலர்ந்த மண் என்று நினைத்துக் கணக்கிட்டால் வயது குறைந்துவிடும். அதனால் கல்லோடு சுற்றியுள்ள மண்ணையும் ஈரம் போகாமல் கட்டி எடுத்து வர வேண்டும். கழுவித் துடைத்த ஒற்றைக் கல்லை, மண் எதுவும் இல்லாமல், அழகான பெட்டியில் வைத்து ஒருமுறை கொண்டுவந்து நீட்டினார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. தோண்டுவதற்குப் பணம் கிடைக்கிறது, கிடைத்ததைக் கண்காட்சியில் வைக்கவும் கிடைக்கிறது. நடுவே இருக்கும் அளவீட்டுக்குத்தான் யாரும் கை நீட்டுவதில்லை.

இத்தனை செய்தும் 5 முதல் 10 சதவீதப் பிழை இருக்கும். ஆண்டைத் துல்லியமாகச் சொல்லும் வாட்ஸ்அப் செய்திகளை நம்பாதீர்கள்.

இன்னொன்று. நமக்குக் கிடைப்பது கட்டடத்தின் வயது அல்ல, கல் கடைசியாக நெருப்பைக் கண்ட நாள். பழைய இடிபாட்டுக் கல்லை எடுத்துப் புதிதாகக் கட்டியிருந்தால் கட்டடத்தைவிடக் கல் மூத்தது. தலைகீழாகவும் நடக்கும். 2009இல் மான்செஸ்டர் ஆய்வாளர்கள் வேறொரு முறையைச் சோதித்தார்கள்: சுட்ட கல் ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சி எடை கூடுவதை வைத்து வயது கணிப்பது. இங்கிலாந்தின் கேன்டர்பரியிலிருந்து வந்த ஒரு இடைக்காலச் செங்கல் திரும்பத் திரும்ப சுமார் 66 வயது என்றே காட்டியது. முறை தோற்றது என்றுதான் முதலில் தோன்றும். விசாரித்தால், இரண்டாம் உலகப்போரில் அந்த ஊர் மேல் தீக்குண்டுகள் விழுந்திருந்தன.