தெர்மோரெகுலேஷன் – வெப்பச் சீராக்கம்

உயிரி தன் உடல்வெப்பத்தைத் தனக்கேற்ற அளவில் வைத்துக்கொள்வதே தெர்மோரெகுலேஷன். கிரேக்கத்தில் 'தெர்மே' என்றால் வெப்பம். இலத்தீனில் 'ரெகுலா' என்றால் நேர்கோல், அளவுகோல். 'ரெகுலேஷன்' அதன் வழி வந்தது. தமிழில் வெப்பச் சீராக்கம், வெப்பநிலை ஒழுங்குபடுத்தல், வெப்பக் கட்டுப்பாடு என்றெல்லாம் எழுதுகிறார்கள். மனிதருக்கு எதை எழுதினாலும் குற்றமில்லை. மீனுக்குக் 'கட்டுப்பாடு' ஒட்டாது. மீனின் உடலில் உண்டாகும் வெப்பம், இரத்தம் செவுளைக் கடக்கும்போதே நீருக்குப் போய்விடுகிறது. சூரை போன்ற சிலவே அதைத் தேக்கிவைக்கும். மற்றவை ஏற்ற நீரைத் தேடி நீந்த வேண்டியதுதான். எனவே 'நடத்தைவழி வெப்பச் சீராக்கம்' என்பதே துல்லியம்.

'குளிர் இரத்தப் பிராணி' என்ற பழைய வழக்கைக் கைவிடலாம். 28 டிகிரி நீரில் கிடக்கும் மீனின் இரத்தமும் ஏறத்தாழ 28 டிகிரிதானே! வெப்பத்தை வெளியிலிருந்து பெறுவது 'புறவெப்பி'; உடல்வெப்பம் மாறிக்கொண்டே இருப்பது 'மாறுவெப்பி'.

எந்த நீர் ஏற்றது என்பதை மூளை முடிவுசெய்கிறது. முன்மூளையின் அடியில், பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்தை ஒட்டி, 'ப்ரீஆப்டிக்' பகுதி இருக்கிறது. தமிழில் 'பார்வைமுன் பகுதி' எனலாம். அங்குள்ள நரம்பணுக்கள் மூளையின் வெப்பத்தையே உணர்பவை. அவ்விடத்தை மட்டும் செயற்கையாகச் சூடாக்கினால், உடல் சூடாகாமலே மீன் குளிர்ந்த பக்கம் ஒதுங்கும். நரம்பணுக்களிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருளான நார்எபிநெப்ரினைப் பொன்மீனின் அப்பகுதியில் செலுத்தினாலும் அது குளிர்ந்த நீரையே நாடுகிறது. காய்ச்சலைத் தூண்டும் வேதிப்பொருளான புரோஸ்டாகிளாண்டின் 'இ' வகை எதிர்த்திசையில், சூடான நீரை நோக்கித் தள்ளும். நோய்த்தொற்றில் மீன் வெதுவெதுப்பான நீரைத் தேடிப்போவதற்கு 'நடத்தைக் காய்ச்சல்' என்று பெயர். 1976இல் வெளியான ஆய்வில், பாக்டீரியா செலுத்தப்பட்ட நன்னீர் மீன்கள் வழக்கத்தைவிட 2 டிகிரிக்கும் மேல் சூடான நீரில் தங்கின.

மீன் எந்த வெப்பநிலையை நாடுகிறது என்பதை அளக்க, இடையே வழியுள்ள ஈரறைத் தொட்டி போதும்: ஓரறை சூடு, மற்றது குளிர். மீன் எங்கே, எவ்வளவு நேரம் தங்குகிறது என்று குறிக்க வேண்டும். பிழைகள் பெரும்பாலும் தொட்டியிலிருந்தே வரும். ஓரறையில் வெளிச்சம் குறைந்திருந்தால் மீன் இருட்டுக்காக அங்கே ஒதுங்கும். நீரைக் கலக்கிவிடாவிட்டால் சூடான நீர் மேலே தேங்கி, வெப்பமானி ஒன்றும் மீன் வேறொன்றும் உணரும். ஊசி குத்திய அதிர்ச்சியே தேர்வை மாற்றக்கூடும் என்பதால், உப்புக்கரைசல் மட்டும் செலுத்திய மீன்களும் ஒப்பீட்டுக்கு வேண்டும். ஆக்சிஜனை மறக்கவே கூடாது. நன்னீரில் 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் அளவுக்குக் கரைவது 30 டிகிரியில் ஏழரையாகக் குறைகிறது. மூச்சுக்குத் திணறும் மீனும் குளிர்ந்த அறைக்கே போகும்.