தைல பாட்டில் எந்த அலமாரியில் இருக்கிறது?

இரவு பதினொரு மணிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். இரண்டு வயது. அம்மாவின் தோளில் துவண்டு கிடந்தது. கையில் வாங்கியதுமே அதன் மூச்சில் ஊட்டிக் கடைவீதி மணத்தது. "தைலம் குடித்ததா?" என்று கேட்டேன். பின்னால் நின்ற பாட்டி அழத் தொடங்கினார். மின்சாரம் போயிருந்த நேரம். சளி மருந்துக்குப் பக்கத்திலேயே நீலகிரித் தைலம். இருட்டில் பாட்டில் மாறிவிட்டது. வீட்டில் எல்லோருக்கும் சளி, எல்லோரும் தைலம் தடவியிருந்தார்கள், அதனால் வாசனையும் காட்டிக்கொடுக்கவில்லை. ஒரு ஸ்பூன் உள்ளே போய்விட்டது. பேசிக்கொண்டிருக்கும்போதே குழந்தைக்கு வலிப்பு வந்தது.

பிழைத்துக்கொண்டது. மூன்றாம் நாள் வார்டில் ஓடி விளையாடியது. ஆனால் மழைக்காலம் வந்தால் இப்படி ஒன்றிரண்டு குழந்தைகளையாவது பார்த்துவிடுகிறேன். ஒவ்வொரு முறையும் வீட்டார் சொல்வது ஒன்றுதான்: "இலையில் எடுக்கிற எண்ணெய்தானே, டாக்டர்?"

அந்த இலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். யூகலிப்டஸ் இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஊசிமுனை அளவில் புள்ளிகள் தெரியும். அத்தனையும் எண்ணெய்ப் பைகள். பூச்சியும் விலங்கும் தன்னைத் தின்றுவிடாமல் இருக்க மரம் செய்துகொண்ட ஏற்பாடு அது. நாம் மருந்தென்று முகர்வது மரத்தின் தற்காப்பு விஷத்தை. ஆஸ்திரேலியாவின் கோலா என்னும் விலங்கு அந்த இலையையே தின்று வாழ்கிறது என்றால், அந்த விஷத்தை முறிக்கும் கல்லீரல் அதற்கு வாய்த்திருக்கிறது. அப்படியும் நாளில் பெரும்பகுதி தூங்கித்தான் கழிக்கிறது. நம் குழந்தைகளுக்கு அந்தக் கல்லீரல் இல்லை.

எழுநூறுக்கும் மேற்பட்ட யூகலிப்டஸ் வகைகளில் பெரும்பாலானவற்றுக்குத் தாய்மண் ஆஸ்திரேலியா. அங்குள்ள பூர்வகுடிகள் இந்த மரத்தை நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள். இலைப்புகையில் தூய்மைச் சடங்கு செய்வார்கள், பட்டையில் கசியும் சிவப்புப் பிசினைப் புண்ணுக்கு இடுவார்கள், கரையான் குடைந்த கிளையை டிஜெரிடூ என்னும் ஊதுகருவியாக்குவார்கள். எண்ணெயைக் காய்ச்சி வடித்துப் பாட்டிலில் அடைப்பது 1850களில் விக்டோரியா பகுதியில் ஜோசப் பொசிஸ்டோ என்ற மருந்தாளுநர் தொடங்கிய தொழில். இலையை முகர்வதும், ஒரு குவியல் இலையின் சத்தைச் சிறு குப்பிக்குள் திரட்டிக் குடிப்பதும் ஒன்றாகிவிடாது.

நீலகிரிக்கு இந்த மரம் வந்தது 1843இல். விறகுக்காகச் சோலைகளை வெட்டித் தீர்த்த வெள்ளைக்காரர்கள், வேகமாக வளரும் மரம் தேடிக் கொண்டுவந்து நட்டார்கள். மலைமக்கள் அதன் மணத்தை வைத்துக் கற்பூர மரம் என்றார்கள். உதிர்ந்த இலையைக் கூட்டி அள்ளிக் கொதிகலத்தில் அடைத்துத் தைலம் இறக்கும் கொட்டகைகள் வந்தன. ஊட்டிக்குப் போனவர்கள் வர்க்கியோடு ஒரு தைல பாட்டிலும் வாங்கி வருவது வழக்கமாகிவிட்டது. மலையின் பெயரே எண்ணெய்க்கும் ஒட்டிக்கொண்டதால் இது ஏதோ சித்தர் காலத்து மருந்து என்று பலர் நம்புகிறார்கள். நம் பாட்டிகளின் பாட்டிகள் வேது பிடித்தது நொச்சி இலையில்.

தைலத்தின் முக்கியப் பொருள் சினியோல். பெரியவர்களுக்குக் கைக்குட்டையில் ஓரிரு துளி விட்டு முகர்ந்தால் மூக்கடைப்பு இளகினாற்போல் இருக்கும். மூட்டுவலிக்கு வேறு எண்ணெயில் கலந்து தேய்த்தால் இதமாக இருக்கும். அதில் எனக்குச் சண்டை இல்லை. உள்ளே போனால்தான் கதை வேறு. ஒரு ஸ்பூன் என்பது ஐந்து மில்லி. சிறு குழந்தையை மயக்கத்தில் தள்ள அதுவே போதும். அதற்குக் குறைந்த அளவிலும் வலிப்பு வந்திருக்கிறது. எண்ணெய் மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால் நுரையீரலும் புண்ணாகும். கைக்குழந்தையின் மூக்கருகே தடவுவதும் தவறு. அந்தக் காரத்தில் குரல்வளை இறுகி மூச்சு நின்றுபோகலாம். இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இந்தத் தைலம் எந்த வடிவிலும் வேண்டாம் என்றே சொல்லிவருகிறேன். கற்பூரம் கலந்த தைலங்களுக்கும் இது பொருந்தும், கற்பூரமும் வலிப்பைத் தூண்டும். ஏற்கெனவே வலிப்பு நோய் உள்ள பெரியவர்களும் இந்த இரண்டிலிருந்தும் விலகியிருப்பது நல்லது.

தவறிப்போய்க் குடித்துவிட்டால் அடுத்த பத்து நிமிடத்தில் வீட்டில் நடப்பவையும் கேட்டைக் கூட்டிவிடுகின்றன. உப்புத் தண்ணீர் கொடுத்து, விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்கிறார்கள். கூடவே கூடாது. வெளியே வரும் எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடலாம். வாய்வழி எதையும் கொடுக்காமல் 108ஐ அழையுங்கள், அல்லது கையிலிருக்கும் வண்டியில் கிளம்புங்கள். பாட்டிலையும் எடுத்து வாருங்கள், எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்தால் எங்களுக்குப் பாதி வேலை முடியும். குழந்தை சிரித்து விளையாடினாலும் வர வேண்டும். சிலருக்குப் பத்து நிமிடத்தில் தெரியும், சிலருக்கு ஓரிரு மணி கழித்து. வழியில் வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள். கையில் இரும்புச் சாவி கொடுப்பதால் வலிப்பு நிற்காது. அது தானாக அடங்கும் நேரத்தில் சாவிக்குப் பெயர் கிடைத்துவிடுகிறது.

ஆவி பிடிப்பது பற்றியும் ஒரு வார்த்தை. கொரோனா காலத்துக்குப் பிறகு அது அன்றாடச் சடங்காகிவிட்டது. போர்வைக்குள் கொதிக்கும் பாத்திரத்தோடு குழந்தையை உட்கார வைக்கிறார்கள். கால் பட்டுக் கவிழ்ந்து தொடை வெந்து வரும் பிள்ளைகளைப் பார்த்தவர்கள் அதைச் செய்யமாட்டார்கள். சளிக்கு மூக்கில் விடும் உப்புநீர்ச் சொட்டு மருந்தும், தாய்ப்பாலும், கொஞ்சம் பொறுமையுமே போதும்.

அந்தப் பாட்டி பேரனோடு மறுபரிசோதனைக்கு வந்தார். தைலத்தைப் பரண்மேல் வைத்துவிட்டதாகச் சொன்னார். அதை எடுக்க இப்போது மகன் ஏணி போட வேண்டியிருக்கிறதாம். பிறகு குரலைத் தாழ்த்தி, "எனக்கு மட்டும் ராத்திரி முழங்காலுக்குப் போட்டுக்கொள்ளலாமா, டாக்டரம்மா?" என்றார்.

"போட்டுக்கொள்ளுங்கள் அம்மா, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் பேரனைத் தூக்குங்கள்" என்றேன்.