மாமியின் போனும் டார்ச் செயலியும்

கொக்குவிலில் இருக்கும் மாமி போனைத் திறந்தால் போதும், திரை முழுவதையும் மறைத்துக்கொண்டு ஒரு விளம்பரம் வந்து நிற்கும். மூடினால் இன்னொன்று. நகரில் ஒரு கடையில், "எல்லாவற்றையும் அழித்துத்தான் சரிசெய்ய வேண்டும்" என்றார்களாம். நல்லூர்த் தேர்ப் படங்களும் கனடாவில் பிறந்த பேரனின் படங்களும் அதற்குள்தான். "தம்பி, அழிக்காமல் வழியில்லையா?" என்று கேட்டார்.

வழி இருக்கிறது. வீட்டில் ட்ரிப் சுவிட்ச் விழுந்துகொண்டே இருந்தால் என்ன செய்வோம்? பிளக்குகளை எல்லாம் கழற்றிவிட்டு அதைப் போட்டுப் பார்ப்போம். நின்றால், கழற்றியவற்றில் ஒன்றுதான் குற்றவாளி. அன்ட்ரொய்ட் போனின் 'சேஃப் மோட்' செய்வதும் அதையேதான். தொழிற்சாலையிலிருந்து வந்த செயலிகள் நினைவகத்தில் தனிப் பகுதியில் இருக்கின்றன; நாம் இறக்கியவை வேறு பகுதியில். சேஃப் மோடில் இந்த இரண்டாம் வகை எதையும் போன் இயங்க விடாது. ஒன்றும் அழிவதில்லை, உறங்கவைக்கப்படுகிறது.

பவர் பொத்தானை அழுத்திப் பிடித்தேன். போனை அணைக்கும் குறி வந்ததும், அதைத் தொட்டுவிட்டு விரலை எடுக்காமல் வைத்திருந்தேன். சேஃப் மோடில் தொடங்கவா என்று கேட்டது. (எல்லா போன்களிலும் இப்படி வராது, சிலவற்றில் போன் தொடங்கும்போது ஒலியைக் குறைக்கும் பொத்தானை அழுத்திக்கொண்டிருக்க வேண்டும்.) மீண்டும் திறந்தபோது திரையின் மூலையில் அந்தப் பெயர் தெரிந்தது. விளம்பரம் இல்லை. மாமிக்கோ வேறு கவலை: "வட்ஸ்அப் ஏன் திறக்கவில்லை?" அதுவும் நாம் இறக்கியதுதானே, மாமி.

பிரச்சினை தொடங்கிய நாட்களில் வந்தது ஒரு டார்ச் செயலி. போனிலேயே டார்ச் இருக்கும்போது இது எதற்கு என்று நான் கேட்கவில்லை. அதை நீக்கும் பொத்தான் மங்கிக் கிடந்தது. நிறுவிய பிறகு, போனைப் பூட்டுவது போன்றவற்றைச் செய்யவிடும் சாதன நிர்வாகி உரிமையையும் அது கேட்டு வாங்கியிருக்கிறது. அந்த உரிமை இருக்கும்வரை அதை நீக்க முடியாது. பாதுகாப்பு அமைப்புகளுக்குள் போய் உரிமையைப் பறித்த பிறகுதான் செயலி போனது.

சேஃப் மோடிலும் விளம்பரம் வந்தாலோ போன் சூடானாலோ, நாம் இறக்கிய செயலிகளைக் குறைசொல்லிப் பயனில்லை. போனோடு வந்த செயலியையோ மின்கலத்தையோ பார்க்க வேண்டும்.

போனை அணைத்துத் திறந்ததும் வட்ஸ்அப் திரும்பிவிட்டது. முகப்பில் வைத்திருந்த பெரிய மணிக்கூடு மட்டும் காணாமல் போயிருந்தது. விட்ஜெட்களுக்கு அது நேர்வதுண்டு. மாமி விடவில்லை; அதையும் பழைய இடத்தில் வைத்துக் கொடுத்த பிறகே தேநீர் வந்தது.