வேலை விசாவில் எழுதியிருப்பதைப் படித்த பிறகே விமானம் ஏறுங்கள்

வெளிநாட்டு வேலைக்கான ஆவணங்களைச் சரிபார்த்துத் தரும் பணியில் இருப்பவன் என்ற முறையில், என்னிடம் வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: உங்களுக்கு வேலை தரப்போகிறவர் யார், அவர் உங்கள் பெயரில் அந்நாட்டு அரசிடம் விண்ணப்பித்திருக்கிறாரா? பலருக்கு ஏஜெண்டின் பெயர் தெரிகிறது, கட்ட வேண்டிய தொகை தெரிகிறது, புறப்படும் தேதிகூடத் தெரிகிறது. முதலாளியின் பெயர் மட்டும் தெரிவதில்லை.

சுற்றுலா விசாவுக்குப் பயணியே விண்ணப்பித்துக்கொள்ளலாம். வேலை விசாவில், பெரும்பாலான நாடுகளில், முதலில் அரசின் கதவைத் தட்ட வேண்டியவர் முதலாளி. அமெரிக்காவின் எச்-1பி விசாவுக்கு மனு கொடுப்பது நிறுவனம். அதிலும் ஆண்டுக்கு 65,000 இடங்கள், அந்நாட்டில் முதுகலையோ அதற்கு மேலோ படித்தவர்களுக்கு மேலும் 20,000 இடங்கள் என்ற வரம்பு இருப்பதால், குலுக்கலில் பெயர் வராமல் பெரும்பாலோருக்கு அடுத்த கட்டம் இல்லை. ஆகவே ‘நிச்சயம் வாங்கித் தருகிறேன்’ என்று எவர் சொன்னாலும் அது உண்மையாக இருக்க முடியாது. கனடாவில் பல வேலைகளுக்கு, உள்நாட்டில் ஆள் கிடைக்கவில்லை என்று முதலாளி நிறுவி ‘எல்எம்ஐஏ’ எனும் ஒப்புதலைப் பெற வேண்டும். ஜெர்மனி 2024 ஜூன் முதல் வழங்கும் வாய்ப்பு அட்டையைப் போல, வேலை தேடிக்கொள்வதற்கென்றே தரப்படும் விசாக்களும் உண்டு என்றாலும், அவை கல்வி, மொழி, கைப்பணம் ஆகியவற்றைக் கணக்கிட்டுத் தரப்படுபவை.

பிரிட்டனுக்குப் பராமரிப்புப் பணிக்குச் செல்லப் பணம் கட்டிய ஒருவர், பொன்னிற ஓரமும் முத்திரையும் கையெழுத்தும் கொண்ட ‘ஸ்பான்சர்ஷிப் சான்றிதழ்’ ஒன்றைப் பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்து எடுத்து வந்தார். பிரிட்டன் அரசு அப்படி ஒரு காகிதத்தைத் தருவதே இல்லை. அது, வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்க உரிமம் பெற்ற நிறுவனம், இவருக்கு வேலை தருகிறோம் என்று அரசின் கணினியில் ஏற்றும் ஒரு பதிவு. அதன் எண் மட்டுமே விண்ணப்பதாரருக்கு வரும். உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலை அந்நாட்டு உள்துறை இணையத்தில் எவரும் பார்க்கும்படி வெளியிடுகிறது. அவர் கொண்டுவந்த தாளில் இருந்த நிறுவனத்தின் பெயர் அதில் இல்லை. பணம் கைமாறும் முன் அந்தப் பட்டியலைப் பார்க்க அவருக்கு எவரும் சொல்லித் தரவில்லை என்பதுதான் என்னை வருத்துகிறது.

விசா உண்மையானதாகவே இருந்தாலும் அதில் எந்த வேலை எழுதப்பட்டிருக்கிறது என்று பார்ப்பது அதே அளவு முக்கியம். குவைத்தில் தனியார் நிறுவன ஊழியருக்கு 18ஆம் எண் விசா, வீட்டுப் பணியாளருக்கு 20ஆம் எண் விசா. 20ஆம் எண்ணில் போய்க் கடையிலோ ஓட்டலிலோ வேலை செய்பவர், எத்தனை நேர்மையாக உழைத்தாலும், சட்டத்தின் கண்ணில் மீறியவரே; பிடிபட்டால் நாடு கடத்தப்படலாம். வளைகுடா வேலைகளில் ‘ஃப்ரீ விசா’ என்று விற்கப்படுவதும் இத்தகையதே. ஒரு கஃபீலின் (விசாவுக்குப் பொறுப்பேற்கும் அந்நாட்டு முதலாளியின்) பெயரில் விசா, வேலை எங்கு வேண்டுமானாலும் என்பார்கள். அப்படி ஒரு விசா வகை எந்தச் சட்டத்திலும் கிடையாது. சம்பளம் கொடுக்காத முதலாளிமீது புகார் செய்யப் போனால், ஆவணப்படி அவர் உங்கள் முதலாளியே அல்ல என்ற நிலையில், உங்கள் பக்கம் நிற்கக் காகிதம் ஏதும் இருக்காது.

விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்பதும் அடிக்கடி கேட்கும் வாக்குறுதி. சில நாடுகள் அவ்வாறு மாற்ற வழி வைத்துள்ளன. ஆனால் மாறும்வரை செய்யும் வேலை சட்டவிரோதம், மாறாவிட்டால் விசாக் காலம் கடந்து தங்கிய நாள்களுக்கு அபராதம்.

சிங்கப்பூர் செல்வோர் ‘ஐபிஏ’ எனும் வேலை அனுமதிக்கான முன் ஒப்புதல் கடிதத்தை வரி வரியாகப் படிக்க வேண்டும். முதலாளி பெயர், தொழில், அடிப்படைச் சம்பளம், படிகள், பிடித்தங்கள் அனைத்தும் அதில் தனித்தனியே இருக்கும். வாய்மொழியாகச் சொன்ன சம்பளம் ஒன்று, கடிதத்தில் இருப்பது வேறொன்று என்றால், கேள்வி எழுப்ப வேண்டிய நேரம் புறப்படுவதற்கு முன்புதான். அந்நாட்டு முகவர் தொழிலாளியிடம் வாங்கக்கூடிய கட்டணத்துக்கும் வரம்பு உண்டு: ஒப்பந்தத்தின் ஓராண்டுக்கு ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் இரண்டு மாதம். ஐக்கிய அரபு அமீரகத்தில் 2016 முதல், வேலை அழைப்புக் கடிதத்தைத் தொழிலாளிக்குப் புரியும் மொழியிலும் தந்து கையெழுத்து வாங்க வேண்டும். பின்னர் போடும் ஒப்பந்தம் அதைவிடக் குறைவாக இருக்கக் கூடாது.

பணத்தைப் பற்றி என் கருத்து திட்டவட்டமானது. ஆள் தேவைப்படுபவர்தான் ஆள் எடுக்கும் செலவை ஏற்க வேண்டும். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1997ஆம் ஆண்டின் 181ஆம் உடன்படிக்கையும், சில விலக்குகள் நீங்கலாக, தனியார் முகவர்கள் தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்றே சொல்கிறது. கனடாவில் எல்எம்ஐஏ கட்டணத்தைத் தொழிலாளியிடமிருந்து வாங்கவே கூடாது. எனினும் நிலத்தை அடகு வைத்துக் கட்டியவர்களைப் பார்க்கிறேன். கடன் இருக்கும்வரை எவ்வளவு மோசமான இடத்திலும் அவர்களால் வேலையை விட முடிவதில்லை. கட்டியே ஆக வேண்டிய தொகை என்றால் வங்கி வழியாகக் கட்டி, எதற்காக என்று எழுதிய ரசீது வாங்குங்கள்.

சான்றிதழ் சான்றளிப்பு, மருத்துவப் பரிசோதனை போன்றவை நாட்டுக்கு நாடு மாறும். அவற்றுக்கான நடைமுறையைத் தூதரகத்தின் தளத்தில் மட்டும் பாருங்கள்.

அழைப்புக் கடிதம், ஒப்பந்தம், விசா, ரசீதுகள், கடவுச்சீட்டின் முதல் பக்கம் ஆகியவற்றின் நகல் ஒரு தொகுப்பு வீட்டாரிடம் இருக்கட்டும். நீங்கள் பேச முடியாத நிலையில் இருந்தால், தூதரகத்திடமோ தொழிலாளர் துறையிடமோ உங்களுக்காகப் புகார் கொடுக்கப் போகிறவர்கள் அவர்கள்தாம். அங்கே முதலில் கேட்கப்படுவது முதலாளியின் பெயரும் விசா எண்ணும்.